பால் வடியின் விளிம்பு

போன வைகாசியில் ஒரு காலை, அம்மா கொடுத்துவிட்ட ஏழு லீற்றர் பாலும் அப்படியே திரும்பி வந்தது. பால் எடுக்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சப் பாலும் அதே அளவு ஸ்பிரிற்றும் விட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். புளிப்பு ஏறத் தொடங்கிய பால் என்றால் குழாயின் சுவரில் பொடிப் பொடியாகத் திரளும். திரண்டதாம். கேனைக் கொண்டுவந்த பெடியன் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஏழு லீற்றர் பாலின் காசு அன்றைக்குப் போனதுதான், அதை விடுவோம். அம்மாவுக்கு நொந்தது வேறு இடத்தில். கலியாணம் முடித்து விசுவமடுவுக்கு வந்த நாளிலிருந்து மாடு கட்டுகிற மனுசி. "என்ர பால் திரிஞ்சதெண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பழி மாட்டில் விழுந்தது, பிறகு வெயிலில், பிறகு அந்தப் பெடியனில்: வழியில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றிருப்பானாம்.

எனக்குப் பரந்தனில் ஒரு சின்னப் பட்டறை. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசினின் பெட்டிக்கு ஒட்டுப்போடுவது, தண்ணி மோட்டாருக்குத் தாங்கி அடிப்பது, கேற் செய்வது. பால் என்னுடைய விசயம் இல்லை. ஆனால் ஒரு சாமான் பழுதானால் எங்கே பழுது என்று தேடாமல் இருக்க முடியாத புத்தி. ஞாயிற்றுக்கிழமை போய் கேனைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. கறக்கிற செம்பு சுத்தம். கடைசியில் வேலிக் கதியாலில் கொளுவியிருந்த பால் வடியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். வலை நன்றாகத்தான் இருந்தது, ஓட்டைக்கு ஓட்டை வெளிச்சம் வந்தது. வலையும் வளையமும் சேருகிற இடத்தில், தகட்டை மடித்து வலையின் விளிம்பை உள்ளே வைத்து நெரித்திருப்பார்களே, அந்த மடிப்புக்குள் ஒரு ஈர்க்கை விட்டு இழுத்தேன். மஞ்சளாக, பசை போல, ஒரு சோற்றுப் பருக்கை அளவு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். "நான் ஒவ்வொரு நாளும் கழுவுறனான்" என்றார். கழுவுகிறார்தான், நான் பார்த்திருக்கிறேன். பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பிறகு ஒரு கேத்தில் கொதிதண்ணீர் ஊற்றி. அந்த மடிப்புக்குள் பொச்சும் போகாது, சாம்பலும் போகாது. பால் மட்டும் போகும். விடிய ஐந்து மணிக்குப் போன பால் அங்கேயே இருந்து ஊறி, பின்னேரம் கறக்கிற புதுப் பாலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். நம் ஊர் வெக்கையில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருதரம் இரட்டிக்கிற கிருமிகளுக்கு அந்த மடிப்பு ஒரு வீடு மாதிரி. கூரையும் உண்டு, சாப்பாடும் உண்டு.

அந்தக் கொதிதண்ணீர் வேறு வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பாலில் இருக்கிற புரதத்தில் ஒரு பகுதி எழுபது பாகைச் சூட்டைத் தாண்டினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இறுகி, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கழுவாத வடியில் நேரே கொதிநீர் ஊற்றுவது பாலைக் கம்பியில் சமைத்து ஒட்டுவதுதான். முதலில் பச்சைத் தண்ணீர் அல்லது கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர், அப்புறம் சவர்க்காரம், கொதிநீர் கடைசியில். இதற்கு மேல் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் குணம் ஒன்று இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல்லுக் கட்டுகிற தண்ணீர். அந்தச் சுண்ணாம்பும் பாலின் சுண்ணாம்பும் புரதமும் சேர்ந்து கம்பியில் படிந்தால் சவர்க்காரத்துக்கு அசையாது, புளிக்குத்தான் அசையும். பிழிந்த தேசிக்காய்க் கோதை எறியாமல் வைத்திருந்து வாரம் ஒருதரம் வலையில் தேய்த்து, கால்மணி நேரம் விட்டுக் கழுவினால் கம்பி திரும்பவும் மின்னும்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு நெய்யரி நினைவிருக்கும். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்திருக்கிற அரிப்பு. மாணாக்கர் வரிசையில் கடைசி ஆளுக்கு உவமை. பன்னாடை என்று வாத்தியார்மார் ஏசுவதும் அதே கணக்கில்தான். எனக்கு அப்போதே ஒரு குழப்பம். கசடைப் பிடிப்பதுதானே அதன் தொழில், தொழிலை ஒழுங்காகச் செய்கிறதற்கு ஏன் ஏச்சு? இப்போது யோசித்தால், பிடித்ததை விடத் தெரியாததற்கு ஏசியிருக்கலாம். கடையில் வடி வாங்குகிற நேரம் நாம் எல்லோரும் ஓட்டை எவ்வளவு பொடி என்றுதான் தூக்கிப் பார்க்கிறோம். எப்படிக் கழுவுவது என்று ஒருவரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

சரி, வலையைப் பற்றிக் கொஞ்சம். அங்குலத்துக்கு 40 கம்பி என்று ஒரு வலையை எடுத்தால், கம்பியின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் போக, ஓட்டை 0.4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். பாலில் மிதக்கிற கொழுப்புத் துளிகள் அநேகமாக எல்லாமே 0.01 மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும், ஆகவே வடித்தால் பாலின் சத்து போய்விடும் என்று சொல்லுகிற பெரியம்மாமார் பயப்படத் தேவையில்லை. கிருமி அதிலும் பொடி. வடி பிடிப்பது மாட்டு மயிர், வைக்கோல் துணுக்கு, உண்ணி, சாணிப் பொட்டு, பால்மா என்றால் கரையாத கட்டி, அவ்வளவுதான். பிடிபட்ட சாணிப் பொட்டின் மேல் தொடர்ந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தால் அதிலுள்ள கிருமி எல்லாம் கழுவுண்டு கேனுக்குள் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். வடியில் அழுக்குத் தெரிந்தால் நிறுத்தி, தட்டிக் கழுவிவிட்டு மிச்சத்தை ஊற்றுவதுதான் சரி. அதற்கு வடி சுலபமாகக் கழுவுப்பட வேண்டும், இல்லாவிட்டால் விடியப்புறத்தில் யார் அதைச் செய்யப் போகிறார்கள்?

அந்த வலையில் மூன்று அங்குல வட்டம் ஒன்றை வெட்டினால், ஒரு கம்பி மற்றதின் மேலேறி இறங்குகிற சந்திகள் மட்டும் 11,000க்கு மேல் இருக்கும். ஒவ்வொரு சந்தியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுக்கு. தேங்காய்ப் பால் பிழிந்துவிட்டுக் கழுவுகிற ஆட்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். தேங்காய்ப்பூவின் தும்பு ஒரு சந்திக்குள் போய் மறுபக்கம் வளைந்து நிற்கும், உள்பக்கத்தில் இழுத்தால் வெளிப்பக்கத்தில் ஒளிக்கும்.

அதனால் வலையே வேண்டாம் என்று தொடங்கினேன். குழாய்க்கிணற்றுக்கு இறக்குகிற ஒரு வகை எவர்சில்வர் வடிகுழாய் உண்டு. அதில் சுற்றியிருக்கிற கம்பி உருண்டை இல்லை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு மாதிரி முக்கோணமாக இருக்கும். அகன்ற பக்கம் மணலைப் பார்த்தபடி, ஒடுங்கிய பக்கம் உள்ளே. ஆகவே வெட்டு வாயில் ஒடுக்கமாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்கும். வாயைத் தாண்டிய மணல் நடுவில் இறுகாது, விழுந்துவிடும். தாண்டாதது வெளியே நிற்கும், ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடும். இதே யோசனையில் ஒரு எவர்சில்வர்த் தகட்டில் ஒரு மில்லிமீற்றர் ஓட்டைகள் போட்டு, கீழ்ப்பக்கத்தைக் கூம்பாக அகட்டினால் கழுவ எவ்வளவு சுலபம்! உள்ளங்கையால் ஒரு துடை, முடிந்தது. அறுபத்துமூன்றாவது ஓட்டையில் நாலாவது ஊசித் துளையாணி முறிந்தது. போட்டவரைக்கும் பாலை விட்டுப் பார்த்தோம். கழுவுவது உண்மையிலேயே சுகம், ஆனால் மாட்டு மயிர் ஒரு மில்லிமீற்றர் ஓட்டையில் நிமிர்ந்து நின்றபடி நேரே இறங்கிப் போனது. அம்மா அதைப் பிறகு இடியப்ப மா அவிக்கிற பானைக்குள் தட்டாக வைத்தார்.

இரண்டாவது யோசனை, வலையையும் வளையத்தையும் மடிப்பில்லாமல் ஒட்டிவிடுவது. 0.2 மில்லிமீற்றர் கம்பிக்குப் பக்கத்தில் வெல்டிங் கம்பியைக் கொண்டுபோனதும் வலை மயிர் பொசுங்குகிற மாதிரிப் பொசுங்கி ஒதுங்கிவிட்டது. இதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் தோல்வியில் ஒன்று விளங்கியது. மடிப்பைப் போட்டவன் முட்டாள் இல்லை. வெட்டிய வலையின் ஓரம் ஊசிக் கூட்டம். இரண்டு நாளாக என் பெருவிரலில் அது இருந்தது. விரலைக் காப்பாற்றத்தான் அந்த ஓரத்தைத் தகட்டுக்குள் மறைக்கிறார்கள். மா அரிக்கிற அரிதட்டிலும் அப்படித்தான், வலையின் ஓரம் இரண்டு வளையத்துக்கு நடுவில் இறுகி இருக்கும். காய்ந்த மாவுக்கு அது பிழையில்லை, தட்டினால் கொட்டிவிடும். அதே மாதிரியைப் பாலுக்குக் கொண்டுவந்த இடத்தில்தான் சிக்கல். ஓரத்தை மறைக்கவும் வேண்டும், மறைத்த இடத்துக்குப் பால் போகவும் கூடாது, போனாலும் திறந்து கழுவ முடிய வேண்டும்.

கள்ளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடையைக் கிழித்து வடிப்பார்கள், அழுக்கானால் எறிந்துவிட்டு இன்னொன்று கிழிப்பார்கள். கழுவுகிற வேலையே கிடையாது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண் 1908ல் கோப்பிக்குக் கடதாசி வடியைக் கொண்டுவந்ததும் இதே வழியில்தான்: மகனின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்த ஒற்றுத்தாளை ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்துக்குள் வைத்துக் கோப்பி வடித்தார், கசடோடு தாளும் குப்பைக்குப் போனது. பெரிய பால் பண்ணைகளிலும் ஒருமுறை பாவித்து எறிகிற பஞ்சுத் தட்டை, ஓட்டைத் தகடுகளுக்கு நடுவே வைத்து வடிக்கிற முறை இருக்கிறது. மூன்று மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தட்டு வாங்கி எறிவது கட்டாது. ஆனால் பிடிக்கிற சட்டம் வேறு, வடிக்கிற பொருள் வேறு என்று இரண்டையும் பிரித்துவிட்டார்களே, அது என் மண்டைக்குள் நின்றது.

வடிக்கிற பொருளுக்கு வெகுதூரம் போகத் தேவைப்படவில்லை. 2009ல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பவுசர் தண்ணீரை அம்மா பழைய சீலைத் துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் வடிப்பார். மற்றக் கூடாரங்களில் நுளம்பு வலையிலும் வடித்தார்கள். அது சும்மா மனத்திருப்திக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வங்காளதேசத்தில் 65 கிராமங்களில் செய்து பார்த்த ஒரு ஆய்வு 2003ல் வெளிவந்திருக்கிறது, றீற்றா கொல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் செய்தது. பழைய பருத்திச் சேலையைக் குறைந்தது நாலாக மடித்து ஆறு குளத்துத் தண்ணீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 வீதம் குறைந்தது. கிருமி சேலையில் தங்குவதில்லை, அந்தக் கிருமி ஒட்டியிருக்கிற பொடி நீர்ப்பூச்சிகள் தங்கிவிடும். புதுச் சேலையை விடப் பழையதுதான் நல்லது என்றும் அவர்கள் கண்டார்கள்: துவைத்துத் துவைத்து நூல் பஞ்சு கிளம்பி ஓட்டையை இன்னும் சின்னதாக்கிவிடுமாம். வடித்த பிறகு அலசி வெயிலில் காயப் போட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

பாலுக்கு நாலு மடிப்புக் கூடாது, அடைத்துக்கொண்டு நிற்கும். ஒற்றைத் துணி போதும். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அம்மா அதை வெட்டத் தருவாரோ என்று கேட்கத் தயங்கினேன். அவரே கத்தரிக்கோலோடு வந்தார். "வைச்சிருந்து பூச்சி அரிக்கிறதுக்கு, பாலெண்டாலும் வடியட்டும்."

சட்டம் இப்படி. நாலு அங்குல எவர்சில்வர்க் குழாயில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு துண்டு, வாய் இரண்டையும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியது. அதன் ஒரு வாயின் மேல் துணியை விரித்து, ஓரங்களை வெளிச்சுவரோடு மேலே மடக்கி, சுற்றி இன்னொரு வளையத்தைத் தள்ளி இறுக்குவது. சீலையில் பூ வேலை செய்கிற பிள்ளைகள் இரட்டை வளையத்துக்குள் துணியை இறுக்குவார்களே, அதேதான். பால் குழாய்க்குள் விழுந்து துணி வழியாக இறங்கும். துணியின் ஓரம், பிரிந்த நூல், சுருக்கு எல்லாம் குழாய்க்கு வெளியே. வேலை முடிந்ததும் வளையத்தை உருவினால் மூன்று சாமான்: குழாய், வளையம், துணி. மூன்றிலும் ஒளிக்க இடம் இல்லை. துணியை அலசி, அவித்து, கொடியில் போடலாம்.

முதல் நாள் அதைக் கேன் வாயில் வைத்துப் பால் ஊற்றினோம், அழகாக இறங்கியது. நான் பெரிய ஆள் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கேனின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு. துணியின் ஒரு முனை கேனுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது பாலை இழுத்து, கேன் வாயைத் தாண்டி, நிலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. எறும்பு எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டது. நின்று எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினாலு சொட்டு.

அதனால் குழாயைக் கேன் வாயை விடச் சின்னதாக்கி, மேல் விளிம்பில் மூன்று காது வைத்தேன். காதுகள் கேன் வாயில் தங்கும், குழாயும் துணியும் கேனுக்குள் தொங்கும். துணி எவ்வளவு இழுத்தாலும் சொட்டுவது கேனுக்குள்தான். காதுகளை ஒட்டிய இடத்தில் மூலை விடாமல் உருட்டித் தேய்க்க மட்டும் அரை நாள் போனது. கூரான உள்மூலை இருந்தால் அழுக்கு அங்கே குடியேறும் என்று பால் இயந்திரம் செய்கிறவர்கள் உள்மூலைகளை எல்லாம் வளைத்துத்தான் விடுவார்கள், என் காதில் அந்த வளைவு சுண்டுவிரல் நுனி போகிற அளவு. சுண்டுவிரல் போகாத மூலை கழுவுப்படாது என்பது என் அளவுகோல், இதற்கு ஆதாரம் அம்மாவின் சுண்டுவிரல்.

ஆவணியிலிருந்து இதுதான் பாவனையில். பால் ஒரு நாளும் திரும்பி வரவில்லை, ஆனால் வடியால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கழுவுகிற முறையும் அதோடு மாறியது, பெடியனும் வேறு பெடியன். அம்மா மூன்று துணி வைத்திருக்கிறார், ஒன்று வடியில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில். மாரியில் துணி காயாமல் மணக்கத் தொடங்கியபோது அடுப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டிக் கொடுத்தேன், இப்போது பாலில் புகை மணக்கிறது என்று சின்னம்மா சொல்கிறார். கன்று போட்ட கிழமை கடும்புப் பால் இதில் இறங்கவே இல்லை, பசை மாதிரி நின்றது. அதற்குப் பழைய கம்பி வடிதான்.

இன்னொன்று செய்து, பட்டறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அண்ணைக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாளே திருப்பித் தந்துவிட்டார். அவர் இடது கையில் கிளாஸ், வலது கையில் கேத்தில், வடி எப்படியோ இரண்டுக்கும் நடுவில் விரலில் தொங்கும். என் சாமானுக்கு இரண்டு கை வேண்டும். ஒருதரம் வளையம் கழன்று வாடிக்கையாளரின் கிளாசுக்குள்ளேயே விழுந்துவிட்டதாம். அவருடைய சீலை வடி கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. பால் தேத்தண்ணியில் தேயிலைச் சாயமும் பால் புரதமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூலில் இறுகிவிடும், பிறகு வெளுக்காது. "அண்ணை, உதைக் கழுவுறேல்லையோ?" என்றேன். "உதைக் கழுவினா ருசி போயிடும் தம்பி, ஆக்கள் வரமாட்டினம்" என்றார். தேத்தண்ணி நல்ல தேத்தண்ணிதான், அதை மறுக்க முடியாது. அடுத்த கிளாஸையும் அங்கேதான் குடித்தேன்.

இப்போது வளையத்துக்கு ஒரு சின்னத் திருகு வைத்துப் பார்க்கிறேன். ஈரத் துணி உப்பி வளையத்தை உருவ விடுகிறதில்லை என்று அம்மா கரண்டிக் காம்பால் நெம்பியதில் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. திருகு என்றால் மரை வரும், மரைக்குள் பால் போகும், அது தெரிந்துதான் திருகைக் குழாயின் மேற்பக்கத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். காதுகளைப் பற்றி அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் போனபோது கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குழாயின் ஒரு காதில் பழைய துணி சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "சுடுது" என்றார்.